14 நுழையவில்லை, 15 வழுக்குகிறது: பழைய டிராக்டர் நட்டுக்கு எந்த ஸ்பேனர்?

#1 உடுமலை_தோட்டம்

எல்லோருக்கும் வணக்கம். தாத்தா வாங்கிய மாஸி பெர்குசன் 1035 இன்னும் ஓட்டத்தில்தான் இருக்கிறது. சைலன்சர் பக்கத்து மேனிஃபோல்டு (எஞ்சின் புகையைச் சேர்த்து சைலன்சருக்கு அனுப்பும் குழாய்) கேஸ்கெட் பழசாகிவிட்டது, மழைக்கு முன்னால் மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கையில் இருப்பது 6-7 தொடங்கி 30-32 வரை வரும் டபுள் எண்ட் ஸ்பேனர் செட். புதுசு, நல்ல கம்பெனி. மேனிஃபோல்டு நட்டில் 14 முனை நுழையவே மாட்டேன் என்கிறது. 15 போட்டால் லொடலொடவென்று ஆடுகிறது, கொஞ்சம் அழுத்தினால் வழுக்குகிறது. நட்டுகளில் இரண்டின் முனையை முன்பே யாரோ உருட்டி வைத்திருக்கிறார்கள். 14-க்கும் 15-க்கும் நடுவில் ஏதாவது ஸ்பேனர் உண்டா, இல்லை நட்டுதான் தேய்ந்துவிட்டதா?

#2 ஸ்பீடு_கராஜ்

ஸ்க்ரூ ஸ்பேனர் போட்டுத் திருகுங்க ப்ரோ, வந்துடும். இதுக்கெல்லாம் ஒரு போஸ்ட்டா.

#3 லேத்துப்பட்டறை

தம்பி உடுமலை, ஸ்க்ரூ ஸ்பேனரை அந்தப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். மேனிஃபோல்டு நட்டு வருஷக்கணக்கில் வெந்து துருப்பிடித்து இறுகிக் கிடக்கும். ஸ்க்ரூ ஸ்பேனரின் தாடை அழுத்தம் கொடுக்கும்போது விலகும். மிச்சமிருக்கும் முனையும் போய்விடும்.

உங்கள் நட்டு தேயவில்லை. அது 9/16 இஞ்ச். 14.29 எம்எம் வரும். 14-க்குப் பெரிசு, 15-க்குச் சிறிசு. உங்கள் செட்டில் எவ்வளவு தேடினாலும் அந்த அளவு இருக்காது, ஏனென்றால் அது வேறு குடும்பம்.

அந்த வண்டியின் பூர்வீகம் இங்கிலாந்து. சென்னையில் டாஃபே 1960-ல் ஆரம்பித்தபோது வரைபடமும் அளவும் அங்கிருந்துதான் வந்தன. சிம்ப்சன் எஞ்சினும் பெர்கின்ஸ் வழி வந்தது. இந்தியா 1956-ல் சட்டம் போட்டு, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் அளவுக்கு மாற ஆரம்பித்தது. கடையில் எடைக்கல் மாறியது, துணி அளக்கும் கோல் மாறியது. லைசென்ஸ் வாங்கிச் செய்த எஞ்சினின் மரை மட்டும் அப்படியே நின்றது. ஒரே ஒரு போல்ட்டின் மரையை மாற்ற வேண்டுமென்றாலும் அதற்கு எதிரே இருக்கும் வார்ப்பின் ஓட்டை, மரை வெட்டும் டேப், அளவு பார்க்கும் கேஜ், ஊர் ஊராக டீலர் கடையில் கிடக்கும் ஸ்பேர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். யார் செய்வார்கள்?

மனக்கணக்குக்கு ஒரு வழி சொல்கிறேன். நம் ஆசாரிகளும் ஃபிட்டர்களும் இன்றைக்கும் நூல் கணக்கில்தான் பேசுகிறார்கள். ஒரு இஞ்சுக்கு 8 நூல். ஒரு நூல் 3.175 எம்எம். மூணு நூல் என்றால் 9.5, நாலு நூல் 12.7, அஞ்சு நூல் 15.9, ஆறு நூல் 19.05. உங்கள் நட்டு நாலரை நூல்.

#4 உடுமலை_தோட்டம்

ரொம்ப நன்றிங்க அண்ணா. ஆனால் ஒரு குழப்பம். எங்கள் ஊர் ஹார்டுவேர் கடையில் இந்த நட்டைக் காட்டினால் "மூணு நூல் நட்டு" என்றார். நீங்கள் நாலரை நூல் என்கிறீர்கள்.

#5 லேத்துப்பட்டறை

ரெண்டும் சரிதான். கடைக்காரர் சொன்னது மரையின் அளவு, அதாவது போல்ட்டின் தடிமன், 3/8 இஞ்ச். நான் சொன்னது நட்டின் வெளியளவு, எதிரெதிர்ப் பட்டைகளுக்கு நடுவே உள்ள தூரம். இன்றைக்கு நாம் வாங்கும் ஸ்பேனரில் எம்எம் ஆனாலும் இஞ்ச் ஆனாலும் அடித்திருப்பது இந்தப் பட்டை அளவுதான். கடையில் போல்ட் கேட்கும்போது மரை அளவைச் சொல்ல வேண்டும், ஸ்பேனர் கேட்கும்போது பட்டை அளவை.

இஞ்ச் வரிசையில் 1/4 போல்ட்டுக்கு 7/16 ஸ்பேனர், 5/16-க்கு 1/2, 3/8-க்கு 9/16, 1/2 போல்ட்டுக்கு 3/4. டிராக்டர் வேலையில் பாதிக்கு மேல் இந்த நாலு ஸ்பேனரிலேயே முடிந்துவிடும்.

#6 ஸ்பீடு_கராஜ்

அண்ணே, எங்க பட்டறையில 9/16-க்கு 14 ரிங்கைச் சுத்தியலால ஒரு தட்டு தட்டி ஏத்திடுவோம். கச்சிதமா உக்காரும். தனியா இஞ்ச் செட் வாங்குறது காசுக்குக் கேடு.

#7 வெர்னியர்_வேலு

ஸ்பீடு சொல்வது சில நட்டில் நடக்கும், சிலதில் நடக்காது. அதற்குக் காரணம் இருக்கிறது.

9/16 என்று பெயர் வைத்த நட்டு எல்லாம் 14.29 இருக்காது. அந்த அளவு மேல் வரம்பு. கீழே 14.0 வரைக்கும் செய்ய அனுமதி உண்டு. அதேபோல ஸ்பேனரின் வாய் சொன்ன அளவைவிடக் கொஞ்சம் அகலமாகத்தான் இருக்கும், இல்லாவிட்டால் எதிலும் நுழையாது. ஆகவே கீழ் வரம்பில் செய்த 9/16 நட்டு, வாய் அகன்ற 14 ஸ்பேனர் இரண்டும் சேர்ந்தால் ஒரு தட்டில் ஏறும். மேல் வரம்பில் செய்த நட்டு வந்தால் ஏறாது. உடுமலைக்கு வந்தது அது.

இதே கதை அரை இஞ்சுக்கும் 13-க்கும் நடுவில். எம்8, அதாவது 8 எம்எம் தடிமன் உள்ள போல்ட்டின் தலை 13.00-க்கு மேல் போகக் கூடாது, 12.73-க்குக் கீழும் போகக் கூடாது. அரை இஞ்ச் என்பது 12.70. அதனால்தான் அரை இஞ்ச் ஸ்பேனர் எப்போதாவது ஒரு 13 தலையில் இறுக்கமாகப் போய் உட்காரும், பத்துப் பேர் அதைப் பார்த்து "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்வார்கள். தலைகீழாகப் போட்டால்தான் ஆபத்து. அரை இஞ்ச் தலை 12.42 வரைகூடச் சிறுத்திருக்கலாம். அதில் 13 போட்டால் அரை எம்எம்முக்கு மேல் ஆட்டம். முனையில் மட்டும் பிடிக்கும், உருட்டிவிடும்.

#8 உடுமலை_தோட்டம்

அப்படியானால் இரண்டு பக்கமும் தைரியமாக மாற்றிப் போடக்கூடிய அளவு ஏதாவது உண்டா? முழு இஞ்ச் செட் வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ளலாம் என்றுதான்.

#9 வெர்னியர்_வேலு

உண்டு. என் நோட்டில் இருப்பதை அப்படியே போடுகிறேன்.

5/16 = 7.94. 8 ஸ்பேனர் தாராளமாகப் போடலாம்.
3/8 = 9.53. 10 போட்டால் உருளும். 9 நுழையாது.
7/16 = 11.11. 11 பெரும்பாலும் போகும், சிலதில் அடம்பிடிக்கும்.
1/2 = 12.70. 13 ஆபத்து. இஞ்ச் ஸ்பேனரே வேண்டும்.
9/16 = 14.29. மேலே பேசியாயிற்று.
5/8 = 15.88. 16 நன்றாக உட்காரும்.
11/16 = 17.46. 17 நுழையாது, 18 ஆடும்.
3/4 = 19.05. 19 கச்சிதம்.
13/16 = 20.64. 21 போகும், கொஞ்சம் ஆட்டத்தோடு.
7/8 = 22.23. 22 சில நேரம் போகும்.
15/16 = 23.81. 24 போடலாம்.
1 1/16 = 26.99. 27 சொல்லிவைத்தது போல.
1 1/4 = 31.75. 32 போடலாம், அந்தப் பருமனில் கால் எம்எம் ஆட்டம் தாங்கும்.

இதிலிருந்து பார்த்தால் நீங்கள் காசு கொடுத்து வாங்க வேண்டியது 3/8, 7/16, 1/2, 9/16, 11/16 அஞ்சும்தான். 3/4-க்கு உங்கள் 18-19 ஸ்பேனரே போதும். 5/8-க்கு 16-17.

முக்கியமான ஒன்று: வாங்குவது ரிங் ஸ்பேனராக இருக்கட்டும். உருண்ட நட்டுக்கு ஆறு முனை சாக்கெட். நம் கடைகளில் கிடைக்கும் ரிங்கில் பெரும்பாலும் உள்ளே பன்னிரண்டு முனை. அது நல்ல நட்டுக்கு வசதி, ஏற்கெனவே மழுங்கிய நட்டுக்கு எமன். ஆறு முனை சாக்கெட் பட்டையைப் பிடிக்கும், முனையை அல்ல.

#10 மதுரை_டூவீலர்

ஸ்பேனர் பேச்சு என்றதும் உள்ளே வந்துவிட்டேன். இஞ்ச் வேண்டாம், எம்எம்முக்குள்ளேயே சண்டை இருக்கிறது அண்ணே. என் கடையில் 12-13 ஸ்பேனரை எடுத்துப் பார்த்தால் 12 பக்கம் வெள்ளி உரிந்து வாய் தேய்ந்திருக்கும், 13 பக்கம் நேற்று வாங்கியது போல மின்னும். எங்கள் வேலை முழுக்க 8, 10, 12, 14, 17. பக்கத்தில் கார் பட்டறை வைத்திருப்பவர் 13 கேட்டு ஓயாமல் வருவார். ஒரே எம்8 போல்ட்டுக்கு ஏன் இரண்டு தலை?

#11 லேத்துப்பட்டறை

ஜப்பான் வழி, ஐரோப்பா வழி. எம்8-க்கு ஜப்பான்காரன் 12 தலை வைப்பான், ஜெர்மன்காரன் 13. எம்10-க்கு ஜப்பானில் 14, பழைய ஜெர்மன் அளவில் 17, பிறகு வந்த சர்வதேச அளவில் 16. எம்12-க்கு முறையே 17, 19, 18. மரை ஒன்றுதான், நட்டை மாற்றிப் போட்டால் ஏறும். தலைதான் வேறு. நம் ஊர் பைக்குகளில் பலவும் ஹோண்டா, சுசுகி, யமஹா வழி வந்தவை, அதனால் உங்கள் 12 தேய்கிறது.

இதைவிட வேடிக்கை ஜீப். சேசிஸ் வில்லிஸ் பரம்பரை, எல்லாம் இஞ்ச். எண்பதுகளுக்குப் பிறகு பியூஜோ டீசல் எஞ்சின் வைத்த மஹிந்திரா வண்டிகளில் எஞ்சின் எம்எம். ஒரே போனட்டுக்குள் இரண்டு செட்டும் வேண்டும். அம்பாசிடரும் அப்படித்தான். மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழி வந்த உடம்பு இஞ்ச், தொண்ணூறுகளில் வந்த இசுசு பெட்ரோல் எஞ்சின் ஜப்பான் எம்எம். டாக்ஸி ஸ்டாண்டு மெக்கானிக்கின் டூல் பை அவ்வளவு கனமாக இருந்ததற்கு இதுதான் காரணம்.

#12 புல்லட்_பைத்தியம்

அப்படியே எங்கள் பக்கமும் வாருங்கள். பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் ஒன்று எடுத்திருக்கிறேன். புதுப்பேட்டையில் ஒரு பழைய ஸ்பேனர் கிடைத்தது, ஒரு பக்கம் 1/4 டபிள்யூ, மறுபக்கம் 5/16 டபிள்யூ என்று அடித்திருக்கிறது. 1/4 இஞ்ச் என்றால் 6.35 எம்எம்தானே? இதன் வாய் 13-ஐவிடப் பெரிசாக இருக்கிறது. தப்பாக அடித்துவிட்டார்களா?

#13 லேத்துப்பட்டறை

தப்பே இல்லை, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அது விட்வொர்த் ஸ்பேனர். அதில் அடித்திருப்பது பட்டை அளவு அல்ல, போல்ட்டின் தடிமன். கால் இஞ்ச் போல்ட்டைத் திருகும் ஸ்பேனர் என்று அர்த்தம். அதன் வாய் 0.525 இஞ்ச், அதாவது 13.3 எம்எம். 5/16 டபிள்யூவுக்கு 15.2. 3/8-க்கு 18.03, ஆக 18 ஸ்பேனர் பொருந்தும். 1/2 டபிள்யூவுக்கு 23.4.

ஜோசப் விட்வொர்த் 1841-ல் இங்கிலாந்தில் சொன்ன மரை அது. அதற்கு முன் ஒவ்வொரு பட்டறையும் தனக்கென்று ஒரு மரை வெட்டிக்கொண்டிருந்தது. ஒரு பட்டறை நட்டு இன்னொரு பட்டறை போல்ட்டில் ஏறாது. அவர் மரையின் கோணம் 55 டிகிரி. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864-ல் 60 டிகிரி மரையைச் சொன்னார். இரண்டாம் உலகப் போரில் இந்த இரண்டு நாட்டு நட்டும் போல்ட்டும் ஒன்றோடொன்று சேராமல் படாத பாடு பட்டார்கள். அதன் பிறகு 1948-ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் உட்கார்ந்து பொது மரை ஒன்றுக்கு ஒத்துக்கொண்டன. யுஎன்சி, யுஎன்எஃப் என்பது அதுதான். உடுமலையின் டிராக்டர் அந்தத் தலைமுறை. உங்கள் புல்லட்டின் வடிவமைப்பு அதற்கு முந்தைய ஆட்களுடையது. 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர் ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்தபோது அந்த அளவுகளும் திருவொற்றியூருக்கு வந்து இறங்கின. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எம்எம்முக்கு மாறியது. நடுவில் இத்தனை கை மாறிய வண்டியில் எந்த ஓட்டையில் என்ன மரை என்று பார்க்காமல் சொல்ல முடியாது.

#14 யாழ்_பழையகார்

வணக்கம் அண்ணை. எங்கட பக்கம் இன்னும் ஏ40, மோரிஸ் மைனர் ஓடுது, ஆகையால் இந்த இழையை விடாமல் வாசிக்கிறன். விட்வொர்த் பற்றிச் சொன்னீர்கள், அதில் ஒரு கூத்து சேர்க்கிறேன். எம்ஜி டி வகைக் கார்களின் எஞ்சினில் மரை மெட்ரிக், ஆனால் போல்ட் தலையும் நட்டுப் பட்டையும் விட்வொர்த்.

காரணம் இதுதான். முதலாம் உலகப் போர்க் காலத்தில் பிரான்ஸ் நாட்டு ஹொட்ச்கிஸ் கம்பெனி இங்கிலாந்தின் கொவென்ட்ரியில் ஒரு தொழிற்சாலை போட்டது. மெஷின்கள் எல்லாம் பிரெஞ்சு, மெட்ரிக் மரை வெட்டுபவை. 1923-ல் மோரிஸ் அதை வாங்கிவிட்டார். மெஷினை மாற்றச் செலவு அதிகம். ஆனால் ஊரில் இருக்கும் மெக்கானிக்குகளிடம் இருப்பதோ விட்வொர்த் ஸ்பேனர். ஆகவே மரையை அப்படியே விட்டு, தலையை மட்டும் உள்ளூர் ஸ்பேனருக்குத் தோதாகச் செய்தார்கள். அதை அறியாமல் தலையைப் பார்த்து விட்வொர்த் போல்ட் வாங்கி முறுக்கினால் ப்ளொக் மரை போச்சு.

#15 புல்லட்_பைத்தியம்

அடேங்கப்பா. அப்போ தலையை வைத்து மரையை முடிவு செய்யவே கூடாது. கண்ணால் பார்த்து அடையாளம் கண்டுபிடிக்க வழி இல்லையா?

#16 வெர்னியர்_வேலு

ஓரளவு உண்டு. போல்ட் தலையில் 8.8, 10.9 போல எண் அடித்திருந்தால் எம்எம். தலையில் மையத்திலிருந்து கோடுகள் பிரிந்தால் அமெரிக்க இஞ்ச் போல்ட், மூன்று கோடு என்றால் கிரேடு 5, ஆறு கோடு என்றால் கிரேடு 8. சின்ன வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டபடி வரிசையாக இருந்தால் பிரிட்டனில் செய்த பொது மரை போல்ட். எதுவுமே இல்லாத மொட்டைத் தலை என்றால் கடவுள் விட்ட வழி, மரை இடைவெளியை ஒப்பிட்டுப் பார்க்கும் பல் தகடு, பிட்ச் கேஜ்தான்.

பிட்ச் கேஜ் பெரிய விலை இல்லை. எம்எம், விட்வொர்த் இரண்டும் ஒரே கேஜில் மடக்கி வருவது கிடைக்கும். பல்லை மரையில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இடுக்கில் வெளிச்சம் தெரியாவிட்டால் அது.

கேஜ் இல்லாமல் போல்ட்டை நட்டில் விட்டுப் பார்த்து முடிவு செய்பவர்களுக்காகச் சொல்கிறேன். 5/16 இஞ்ச் போல்ட் 7.94, எம்8 போல்ட் 8. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் 5/16 யுஎன்சி-க்கு இஞ்சுக்கு 18 மரை, மரைக்கு மரை 1.41 எம்எம். எம்8-க்கு 1.25. கையால் இரண்டு மூன்று சுற்று ஏறும், அப்புறம் இறுகும். "துரு இருக்கு போல" என்று ஸ்பேனர் போட்டால் முடிந்தது கதை. முழுசும் கையால் ஏறாத போல்ட்டில் ஸ்பேனர் வைக்கவே கூடாது.

#17 வளைகுடா_ஃபிட்டர்

கண்ணால் பார்த்துப் போல்ட் எடுப்பது பற்றி எங்கள் பயிற்சியில் ஒவ்வொரு வருஷமும் ஒரே விபத்தைத்தான் சொல்வார்கள். 1990 ஜூன் 10, பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390. பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மலகாவுக்குப் போன விமானம். ஏறக்குறைய 17,300 அடியில் பைலட்டுக்கு முன்னால் இருந்த கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் உடம்பு பாதி வெளியே. ஊழியர்கள் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள், துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் உட்பட எல்லோரும் பிழைத்தார்கள்.

முதல் நாள்தான் அந்தக் கண்ணாடியை மாற்றியிருந்தார்கள். 90 போல்ட்டில் 84 போல்ட் விட்டத்தில் 0.026 இஞ்ச் சிறுத்தவை. முக்கால் எம்எம்கூட இல்லை. மிச்சம் ஆறு நீளம் குறைந்தவை. பட்டியலைப் பார்க்காமல், கழற்றிய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதே மாதிரி இருப்பதைத் தேடி எடுத்திருந்தார்கள்.

#18 மதுரை_டூவீலர்

படிக்கும்போதே கை நடுங்குகிறது.

விஷயத்தைக் கொஞ்சம் லேசாக்குகிறேன். எம்எம் எம்எம் என்கிறோம், என் எம்எம் சாக்கெட் செட்டில் ராட்செட் மாட்டும் சதுரம் அரை இஞ்ச். உலகம் முழுக்க அதேதான். பைக் டயர் 100/90-17 என்றால் அகலம் எம்எம், ரிம் இஞ்ச். செயினில் 428 என்றால் பல்லுக்குப் பல் அரை இஞ்ச். ஸ்பார்க் பிளக் மரை 14 எம்எம், அதைத் திருகும் பட்டை பழைய பிளக்கில் 13/16 இஞ்ச். சைக்கிள் பெடல் மரை 9/16 இஞ்ச், அதைக் கழற்றும் ஸ்பேனர் 15 எம்எம்! இந்த உலகத்தில் இஞ்சை ஒழிக்கவே முடியாது.

#19 ஸ்பீடு_கராஜ்

பிளம்பிங்கை விட்டுட்டீங்க. அரை இஞ்ச் ஜிஐ பைப்பை அளந்து பாருங்க, எங்கயுமே அரை இஞ்ச் வராது. வெளி விட்டம் 21.3 எம்எம்.

#20 வெர்னியர்_வேலு

ஆமாம், அது பெயர் மட்டும்தான் அரை இஞ்ச். மரையும் தனி, நம் குழாய்களில் 55 டிகிரி, இஞ்சுக்கு 14 மரை. அமெரிக்கப் பைப் மரையும் அரை இஞ்சில் 14-தான், ஆனால் 60 டிகிரி. டெஃப்லான் டேப் சுற்றி முறுக்கினால் ஏறிவிடும், கசிந்துகொண்டே இருக்கும். இறக்குமதி கம்ப்ரசர், ஸ்ப்ரேயர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். அதற்கு மேல் போனால் தனி இழை போட வேண்டியிருக்கும்.

#21 உடுமலை_தோட்டம்

வந்துவிட்டேன். வெர்னியரில் நல்ல நட்டைப் பல இடத்தில் அளந்தேன், 14.2 காட்டியது. உக்கடத்தில் பழைய டூல்ஸ் விற்கும் கடையில் 1/2-9/16 ரிங் ஒன்றும் 9/16 ஆறு முனை சாக்கெட்டும் கிடைத்தன. முதல் நாள் இரவே நட்டுகளுக்கு எண்ணெய் விட்டு ஊற வைத்தேன். காலையில் ரிங் போட்டதும் நல்ல நட்டுகள் "டக்" என்று ஒரு சத்தத்தோடு விட்டன. உருண்டவற்றில் ஒன்று சாக்கெட்டில் வந்துவிட்டது. இன்னொன்றில் நட்டோடு சேர்ந்து ஸ்டட்டும் (இரண்டு பக்கமும் மரை உள்ள, தலையில்லாத போல்ட்) வெளியே வந்துவிட்டது.

இப்போது ஸ்டட் வாங்க வேண்டும். கடையில் "மூணு நூல் ஸ்டட்" என்று கேட்டால் போதுமா? சிலர் ஓட்டையைப் பெரிசாக்கி எம்10 போட்டுவிடு, இனிமேல் தொல்லை இல்லை என்கிறார்கள்.

#22 லேத்துப்பட்டறை

போதாது. வெளியே வந்த ஸ்டட்டைத் துடைத்துவிட்டு இரண்டு முனையையும் பாருங்கள். இந்த மாதிரி ஸ்டட்டில் இரண்டு பக்கமும் ஒரே மரை இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வார்ப்பிரும்புக்குள் போகும் பக்கம் பெரும்பாலும் பெரிய மரை, யுஎன்சி. நட்டு ஏறும் பக்கம் சன்ன மரை, யுஎன்எஃப். வார்ப்பு மொறுமொறுப்பானது, அதில் சன்ன மரை வெட்டினால் சீக்கிரம் உதிரும். நட்டுப் பக்கம் சன்ன மரை இருந்தால் பிடிப்பு நன்றாக நிற்கும், அதிர்வில் எளிதில் கழலாது.

கேஜ் இல்லாவிட்டால் ஸ்கேல் வைத்து எண்ணுங்கள். 3/8-ல் யுஎன்சி என்றால் அரை இஞ்ச் நீளத்துக்கு 8 மரை, யுஎன்எஃப் என்றால் 12. இரண்டையும் சொல்லி, மொத்த நீளத்தையும் சொல்லி வாங்க வேண்டும். பழைய ஸ்டட்டைக் கையிலேயே கொண்டுபோங்கள், ஆனால் எண்ணாமல் கொண்டுபோகாதீர்கள். வளைகுடா நண்பர் சொன்ன கதை நினைவிருக்கட்டும்.

எம்10 யோசனைக்கு வருகிறேன். செய்ய முடியாதது இல்லை. 8.5 டிரில் விட்டு எம்10 டேப் போட்டால் பழைய மரை பெரும்பாலும் அழிந்துவிடும். ஆனால் மேனிஃபோல்டில் இருக்கும் ஓட்டையும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும், அப்புறம் அந்த வரிசையில் ஒரு நட்டு மட்டும் 17 ஸ்பேனர், மற்றதெல்லாம் 9/16. அடுத்து கழற்றப்போகிறவர் உங்களைத் திட்டுவார். ஓட்டையில் மரை உயிரோடு இருக்கும்வரை அதே மரையில் போவதுதான் என் அபிப்பிராயம். 3/8 யுஎன்சி டேப்பைக் கையால் ஒருமுறை ஓட்டி, துருவை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

#23 உடுமலை_தோட்டம்

எண்ணிவிட்டேன் அண்ணா. ஒரு பக்கம் 8, இன்னொரு பக்கம் 12. நீங்கள் சொன்னது போலவே. நீளமும் சொல்லி வாங்கியாயிற்று, டேப்பும் ஓட்டியாயிற்று, உள்ளே மரை நன்றாகவே இருக்கிறது.

கடைசியாக ஒன்று. பழைய சர்வீஸ் புத்தகத்தில் இறுக்கும் அளவெல்லாம் அடி-பவுண்டில் போட்டிருக்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் வாங்கிய டார்க் ரெஞ்சில் நியூட்டன் மீட்டரும் கேஜி-மீட்டரும்தான் இருக்கின்றன.

#24 லேத்துப்பட்டறை

ஒரு அடி-பவுண்டு 1.356 நியூட்டன் மீட்டர். கேஜி-மீட்டருக்கு 7.23-ஆல் வகுங்கள். உதாரணத்துக்கு 30 அடி-பவுண்டு என்றால் 41 நியூட்டன் மீட்டர், கேஜி-மீட்டரில் 4.1 சொச்சம். புத்தகத்தில் இஞ்ச்-பவுண்டு என்று எங்காவது வந்தால் அதைப் பன்னிரண்டால் வகுத்துவிட்டுத்தான் இந்தக் கணக்குக்கு வர வேண்டும், அதில்தான் நிறையப் பேர் போல்ட்டை முறித்திருக்கிறார்கள்.

புத்தகத்து எண், வேறு எதுவும் சொல்லாவிட்டால், சுத்தமான காய்ந்த மரைக்கு. நீங்கள் எண்ணெய் விட்டு ஊற வைத்ததால் துடைத்துக் காயவிட்டுப் போடுங்கள். இல்லாவிட்டால் அதே எண்ணில் ஸ்டட் அதிகமாக இழுபடும். நடு நட்டிலிருந்து ஆரம்பித்து இரண்டு ஓரத்துக்கும் மாறி மாறிப் போங்கள், முதல் சுற்றில் பாதி அளவு, அடுத்ததில் முழுசு. எஞ்சின் ஒருமுறை நன்றாகச் சூடாகி ஆறிய பிறகு இன்னொரு சுற்று பார்த்துவிடுங்கள்.